காலைல நல்லா இருக்கறவங்க சாயங்காலம் தலைய தூக்க முடியாம போறது: பெங்களூரு கார்மென்ட்ஸ் டெய்லர் ஒருத்தரோட மயஸ்தீனியா நிகழ்வு ஆய்வு

நான் பெங்களூருல பிசியோதெரபிஸ்ட். தமிழ் பேசறவங்க நெறைய இருக்கற ஏரியால கிளினிக், சாயங்காலம்தான் கூட்டம், ஏன்னா வர்றவங்கள்ல பாதிப் பேர் வேலை முடிச்சுட்டு வர்றவங்க. கீழ எழுதியிருக்கறது மயஸ்தீனியா, அதாவது தசைய உபயோகப்படுத்த உபயோகப்படுத்த பலம் குறையற நோய், வந்த ஒரு நோயாளியோட கதை, அவங்களும் குடும்பமும் சம்மதிச்ச பிறகுதான் எழுதறேன், அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்த மாத்தியிருக்கேன், மருத்துவ விஷயம் எதையும் மாத்தல. பிசியோ, நர்ஸ், மெடிக்கல் ஷாப்ல நிக்கறவங்க, பேக்டரி டிஸ்பென்சரில இருக்கறவங்க, வீட்ல இந்த மாதிரி ஒருத்தர் இருக்கறவங்க எல்லாருக்கும் உபயோகப்படும்னு நம்பறேன்.

பின்னணி

34 வயசுப் பெண். குடும்பம் தர்மபுரி பக்கத்துலேருந்து ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி இங்க வந்தவங்க. ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் பேக்டரில டெய்லர், லைன்ல உக்காந்து சட்டைக்கு காலர் அட்டாச் பண்ற வேலை, பல வருஷ சர்வீஸ். வீட்டுக்காரர் பெயின்ட் வேலை, ஒரு பொண்ணு ஸ்கூல்ல படிக்குது, மாமியாரும் கூடவே இருக்காங்க. சுகர் பிபி கிடையாது, முன்னாடி பெரிய வியாதி எதுவும் வந்ததில்ல, குடும்பத்துல யாருக்கும் நரம்பு சம்பந்தமான நோய் இல்ல.

முதல் அறிகுறி மெஷின் முன்னாடிதான் வந்துச்சு. மதியத்துக்கு மேல ஊசி ரெண்டா தெரிய ஆரம்பிச்சிருக்கு. காலர் தையல் கோணலா போய் பீஸ் திரும்பி வந்திருக்கு, அவங்க லைன்ல அப்படி நடந்ததே இல்லையாம். ஒரு கண்ண மூடிக்கிட்டா ஊசி ஒண்ணாயிடும், அதனால இடது கண்ண சுருக்கிட்டே தைக்க பழகிட்டாங்க. அடுத்து இடது இமை எறங்க ஆரம்பிச்சுது, சூப்பர்வைசர் தூக்கமான்னு கேட்டாராம். அப்புறம் தலைக்கு மேல கை தூக்கி பின்னல் போட முடியல, பொண்ணுக்கு சடை பின்னி விடற வேலை மாமியார் கைக்குப் போச்சு.

இதுக்கெல்லாம் நடுவுல அஞ்சு மாசம் அவங்க சும்மா இருக்கல. கண்ணாடிக் கடைல பவர் கண்ணாடி போட்டாங்க. ரத்தத்துல ஹீமோகுளோபின் 9.8னு வந்ததால இரும்புச்சத்து மாத்திரையும் பி காம்ப்ளெக்ஸும் குடுத்தாங்க. தைராய்டு பாத்தாங்க, நார்மல். ஒரு இடத்துல மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்து நார்மல்னு சொல்லி டென்ஷன் குறைங்கன்னு அனுப்பிட்டாங்க. கடைசியா எலும்பு டாக்டர் கழுத்து எக்ஸ்ரேல தேய்மானம்னு பாத்துட்டு கழுத்துல மாட்டற காலரும் கழுத்த இழுத்து விடற டிராக்‌ஷனும் எழுதி பிசியோவுக்கு அனுப்பினாரு, அப்படித்தான் எங்கிட்ட வந்தாங்க.

இந்த அஞ்சு மாசத்துல அவங்கள பரிசோதிச்ச எல்லா இடத்துலயும் ஒரு பொதுவான விஷயம் இருந்துச்சு, எனக்கு அது பின்னாடிதான் புரிஞ்சுது. எல்லாமே காலை ஓபிடி. லீவு போட்டுட்டு, ராத்திரி நல்லா தூங்கி எழுந்து, காலைல டோக்கன் வாங்கி, பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்து ரெஸ்ட் எடுத்துட்டு டாக்டர் முன்னாடி போறாங்க. அந்த நேரத்துல அவங்க கண்ணும் நல்லா இருக்கும், கையும் நல்லா இருக்கும். கைய அழுத்திப் பாருங்கன்னு சொன்னா ஒரு தடவ நல்லாவே அழுத்துவாங்க. பாத்தவங்க யாரும் பொய் எழுதல, அந்த நேரத்துல அவங்க கண்ணுக்குப் பட்டதத்தான் எழுதினாங்க.

சாயங்காலம் பாத்தது

எங்கிட்ட வந்தது ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு பஸ் மாறி, ராத்திரி ஏழு மணிக்கு மேல. உள்ள வந்து சேர்ல உக்காந்ததும் வலது கைய தாடைக்கு கீழ முட்டுக் குடுத்து வெச்சுக்கிட்டாங்க. கழுத்து வலிக்கறவங்க கழுத்தோட பின்பக்கத்தத்தான் பிடிப்பாங்க. இவங்க தலைய கீழ விழாம தாங்கிப் பிடிச்சிட்டு இருந்தாங்க, அதான் எனக்கு முதல்ல இடிச்சுது.

கூட வந்த மாமியார்கிட்ட வீட்ல எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். அந்தம்மா சொன்னது எந்த ரிப்போர்ட்லயும் இல்லாத விஷயம். "காலைல நல்லாத்தாம்மா பேசுறா, விளக்கு வெக்கிற நேரமாச்சுன்னா மூக்கால பேசுறா. ராத்திரி சாப்பாட்டுல பாதிய அப்படியே வெச்சுடுறா, கேட்டா தாடை வலிக்குதுங்கறா. போன வாரம் ரசம் குடிக்கையில மூக்கு வழியா வந்துடுச்சு." அஞ்சு மாசமா அந்தம்மாகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கவே இல்ல.

அப்புறம் ஒவ்வொண்ணா பாத்தேன். தொடு உணர்ச்சி ரெண்டு பக்கமும் சரியா இருந்துச்சு. முழங்கால், முழங்கை ரிப்ளெக்ஸ் எல்லாம் நல்லா வந்துச்சு. கண் பாப்பா ரெண்டும் ஒரே அளவு, டார்ச் அடிச்சா சுருங்குது. சதை எங்கயும் சூம்பல, துடிப்பும் இல்ல. கழுத்த முன்னாடி மடக்கற பலம் குறைவு, மல்லாக்கப் படுத்து தலைய தூக்கி நிறுத்தச் சொன்னா கொஞ்ச நேரத்துலயே நடுங்கி கீழ போயிடுது. கைய பக்கவாட்டுல தோள் உயரத்துக்கு நீட்டச் சொன்னேன், நல்லா இருக்கறவங்க நிமிஷக்கணக்கா நிறுத்துவாங்க, இவங்க 50 நொடில எறக்கிட்டாங்க. கொஞ்சம் விட்டு மறுபடி நீட்டச் சொன்னா 30 நொடி. மூணாவது தடவ தோள் உயரத்துக்கே சரியா வரல. அஞ்சு நிமிஷம் படுக்க வெச்சுட்டு திரும்பக் கேட்டா மறுபடி 45 நொடி நிக்குது. வலியால எறக்கறாங்களான்னு கேட்டேன், வலி இல்ல மேடம் கை தானா போயிடுதுன்னாங்க.

மேல சுவத்துக் கடிகாரத்த இமைக்காம பாத்துட்டே இருங்கன்னு சொன்னேன். ஒரு நிமிஷத்துக்குள்ள இடது இமை எறங்கி பாப்பாவ பாதி மூடிடுச்சு, வலது இமையும் கொஞ்சம் எறங்குச்சு. சத்தமா ஒண்ணுலேருந்து அம்பது வரைக்கும் எண்ணச் சொன்னா முப்பது தாண்டினதும் குரல் மூக்குக்குப் போயிடுச்சு. சிரிக்கச் சொன்னா உதட்டோட ஓரம் மேல போகல, சிரிப்பு முறைக்கற மாதிரி வந்துச்சு. அவங்களே, போட்டோல இப்பல்லாம் நான் கோவமா இருக்கற மாதிரி விழறேன்னு சொன்னாங்க.

உடனே போன்ல இருக்கற போட்டோ எல்லாத்தையும் எடுக்கச் சொன்னேன். பொண்ணோட பிறந்தநாளுக்கு காலைல கோயில்ல எடுத்தது, அதே நாள் ராத்திரி கேக் வெட்டும்போது எடுத்தது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா எவ்வளவு மெத்தனமா பாக்கறவங்களுக்கும் தெரியும். கோயில் போட்டோல கண்ணு ரெண்டும் முழுசா தொறந்திருக்கு. கேக் போட்டோல இடது இமை எறங்கி, நெத்திய சுருக்கி, தாடைய தூக்கி, அந்த எறங்குன இமைக்கு கீழ வழியா பாக்கறாங்க.

கடைசியா ஐஸ் டெஸ்ட். பக்கத்து ஜூஸ் கடைலேருந்து ஐஸ் வாங்கி கையுறைல போட்டு, மூடுன இடது இமை மேல ரெண்டு நிமிஷம் வெச்சேன். எடுத்ததும் இமை தூக்கி நின்னுச்சு, ஸ்கேல் வெச்சு அளந்தா 3 மில்லிமீட்டர் ஏறியிருந்துச்சு, 2க்கு மேல ஏறினாலே பாசிட்டிவ்னு எடுத்துக்கறாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி எறங்கிடுச்சு. வீட்டுக்காரர் அத வீடியோ எடுத்தாரு, அந்த வீடியோ பின்னாடி ரொம்ப உதவுச்சு.

எடுத்த முடிவும் அதுக்கான காரணமும்

என் சந்தேகம் மயஸ்தீனியா கிராவிஸ். நோயக் கண்டுபிடிச்சு பேர் சொல்றது டாக்டர் வேலை, என் வேலை சந்தேகத்த சரியான ஆளுகிட்ட சரியான வேகத்துல கொண்டு சேக்கறது.

ஏன் அந்த சந்தேகம்னு கொஞ்சம் விரிவா சொல்லணும். தசை பலவீனம்னு வந்தா மனசுல நிறைய பேர் வரும். குய்லான் பாரேங்கற நரம்பு நோய்னா நாள்கணக்குல காலுலேருந்து மேல ஏறும், ரிப்ளெக்ஸ் போயிடும். பக்கவாதம்னா திடீர்னு ஒரு பக்கமா வரும். மோட்டார் நியூரான் நோய்ல சதை சூம்பி துடிக்கும், கண் அசைவ அது பெரும்பாலும் தொடாது. பாலிமயோசைட்டிஸ்ங்கற தசை அழற்சி நோய்ல தோளும் தொடையும் போகும், ஆனா ரெண்டா தெரியறது வராது. இவங்களுக்கு கண், முகம், தொண்டை, கழுத்து, தோள் எல்லாம் சேந்து இருக்கு, உணர்ச்சியும் ரிப்ளெக்ஸும் சுத்தமா இருக்கு, எல்லாத்துக்கும் மேல வேலை செய்யச் செய்ய குறைஞ்சு ரெஸ்ட் குடுத்தா திரும்பி வருது.

அதுக்குக் காரணம் நரம்பும் தசையும் சேர்ற இடத்துல இருக்கு. நரம்பு முனைலேருந்து அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனம் வந்து தசைல அத வாங்கிக்கற ரிசெப்டர்ல ஒட்டினாத்தான் தசை சுருங்கும். ஒரே தசைய தொடர்ந்து வேலை வாங்கினா ஒவ்வொரு தடவையும் வர்ற அசிட்டைல்கோலின் அளவு எல்லாருக்குமே கொஞ்சம் குறையும், ஆனா நமக்கு ரிசெப்டர் தாராளமா இருக்கறதால தெரியாது. மயஸ்தீனியால உடம்பே அந்த ரிசெப்டருக்கு எதிரா ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்கற புரதம்) உண்டாக்கி அழிச்சிடுது, தாராளம் போயிடுது, அதனால பத்தாவது தடவ கை தூக்கறப்போ சிக்னல் பத்தாம போகுது. குளிர்ச்சில அசிட்டைல்கோலின உடைக்கற என்சைம் மெதுவாகுது, அதான் ஐஸ் வெச்சா இமை ஏறுது.

அன்னிக்கு ரெண்டு முடிவு எடுத்தேன். ஒண்ணு, டிராக்‌ஷனும் வேண்டாம், பலப்படுத்தற எக்சர்சைஸும் வேண்டாம். நோய் கட்டுக்குள்ள வராத நேரத்துல சோர்வு வர்ற அளவுக்கு எக்சர்சைஸ் குடுத்தா பலவீனம்தான் கூடும். எக்ஸ்ரேல தேய்மானம் இருந்தது உண்மைதான், அந்த வயசுல வலியே இல்லாதவங்களுக்கும் அது தெரியும், அது இமைய எறக்காது.

ரெண்டாவது, நாளைக்கே நியூரோ டாக்டர்கிட்ட போகணும், அடுத்த மாச அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பத்தாது. ரசம் மூக்கு வழியா வந்துடுச்சுங்கற ஒரு வரி போதும் எனக்கு. விழுங்கற தசை பலவீனமாச்சுன்னா அடுத்து மூச்சுத் தசை. ஒரே மூச்சுல எவ்வளவு எண்ண முடியுதுன்னு பாத்தேன், 28 வந்துச்சு, நல்லா இருக்கறவங்க சுமார் 50 வரைக்கும் போவாங்க. அத சீட்டுல தேதியோட எழுதி வெச்சேன். ரெபரல் லெட்டர்ல கழுத்து வலின்னு ஒரு வார்த்தை கூட எழுதாம, உபயோகப்படுத்த உபயோகப்படுத்த கூடற பலவீனம், எந்தெந்த தசை, எத்தன நொடி, விழுங்கறதுல சிரமம், ஐஸ் டெஸ்ட் பாசிட்டிவ், சாயங்காலத்துல பாத்ததுன்னு எழுதினேன். காலைல டாக்டர் பாக்கறப்போ நல்லா இருந்தா இந்த வீடியோவ காட்டுங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட அழுத்திச் சொன்னேன்.

நிமான்ஸ் மாதிரி நாடே தேடி வர்ற நியூரோ ஆஸ்பத்திரி இருக்கற ஊரு இது, 24 மணி நேர எமர்ஜென்சியும் அங்க உண்டு. அது இருக்கற அதே ஓசூர் ரோட்டுல தினம் பஸ்ல போயிட்டு வர்ற ஒரு பொம்பளைக்கு அஞ்சு மாசம் ஆகியிருக்குன்னு நினைச்சா எனக்கு இன்னமும் மனசு ஆறல.

நோய் உறுதியானது

அரசு ஆஸ்பத்திரி ஒண்ணோட நியூரோ பிரிவுல வீடியோ பாத்த உடனே அட்மிட் பண்ணிட்டாங்க. நரம்புக்கு நொடிக்கு மூணு தடவ மின்தூண்டுதல் குடுத்து தசையோட பதில அளக்கற டெஸ்ட்ல, கைவிரல் தசைல பெரிசா ஒண்ணும் தெரியல, தோள் தசைல முதல் பதிலுக்கும் நாலாவது பதிலுக்கும் நடுவுல 26 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, 10க்கு மேல குறைஞ்சாலே அது அசாதாரணம். பலவீனம் எங்க இருக்கோ அந்த தசைல பாக்கணும், கைல மட்டும் பாத்துட்டு நார்மல்னு விட்டுடக்கூடாதுன்னு அந்த நியூரோ டாக்டர் எங்கிட்ட போன்ல சொன்னாரு. அசிட்டைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி ரிசல்ட் சில நாள் கழிச்சு பாசிட்டிவா வந்துச்சு. உடம்பு முழுக்க பரவுன மயஸ்தீனியால சுமார் 85 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவ், கண்ணோட மட்டும் நிக்கறவங்கள்ல பாதிப் பேருக்குத்தான், அதனால நெகட்டிவ் வந்தா நோய் இல்லன்னு ஆகிடாது. நெஞ்சு சிடி ஸ்கேன்ல தைமஸ், அதாவது நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கற நோய் எதிர்ப்பு உறுப்பு, கொஞ்சம் பெரிசா இருந்துச்சு, கட்டி இல்ல. மயஸ்தீனியா வந்தவங்கள்ல 10லேருந்து 15 சதவீதம் பேருக்கு தைமஸ்ல கட்டி இருக்கும், அதனாலதான் எல்லாருக்கும் இந்த சிடி.

அசிட்டைல்கோலின் சீக்கிரம் உடையாம தடுக்கற பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம் பாதி மாத்திரைல ஆரம்பிச்சு ஒரு நாளைக்கு நாலு முழு மாத்திரை ஆக்கினாங்க. 1934ல லண்டன் கிரீன்விச்ல மேரி வாக்கர்ங்கற டாக்டர், இந்த நோய் தசைய செயலிழக்க வெக்கற கியூராரே விஷம் ஏறுன மாதிரியே இருக்கேன்னு கவனிச்சு, அந்த விஷத்துக்கு முறிவா இருந்த பைசோஸ்டிக்மின குடுத்துப் பாத்தாங்க, அந்த வம்சத்துல வந்ததுதான் இந்த மாத்திரையும். முதல் ரெண்டு நாள் வயித்த முறுக்கி பேதி போச்சு, அப்புறம் பழகிடுச்சு. சாப்பாட்டுக்கு அரை மணி முக்கால் மணி முன்னாடி போட்டுட்டா மெல்லறதும் விழுங்கறதும் சுலபமா இருந்துச்சு. பல நாளைக்கு அப்புறம் ராத்திரி சாதத்த முழுசா சாப்பிட்டான்னு மாமியார் போன் பண்ணிச் சொன்னாங்க.

பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரைய 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தினாங்க, ஏன்னா ஸ்டீராய்டு ஆரம்பிச்ச முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல மயஸ்தீனியா இன்னும் மோசமாக வாய்ப்பு உண்டு. இத டிஸ்சார்ஜ் சமயத்துல டாக்டர் சொல்லியிருக்காரு, வாயால சொன்னது, கன்னடத்துல, அவசரத்துல. கன்னடம் அவங்களுக்குத் தெரியாம இல்ல, ஆனா பயத்துல இருக்கறப்போ எவ்வளவு மனசுல நிக்கும்?

நெருக்கடி

டிஸ்சார்ஜ் ஆகி மூணாவது வாரம் வீட்ல எல்லாருக்கும் ஜுரமும் இருமலும் வந்துச்சு. மத்தவங்களுக்கு ரெண்டு நாள்ல போயிடுச்சு. இவங்களுக்கு சளி கட்டி, இருமி வெளிய தள்ளவே பலம் இல்ல. வழக்கமா வாங்கற மெடிக்கல் ஷாப்ல கேட்டு லெவோபிளாக்சசின் வாங்கிப் போட்டிருக்காங்க. அந்த வகை ஆன்டிபயாட்டிக் மயஸ்தீனியால தசை பலவீனத்த கூட்டும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லயே அதுக்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வெச்சுது. கடைக்காரருக்கு இவங்களுக்கு மயஸ்தீனியான்னு தெரியாது, இவங்களுக்கு அத சொல்லணும்னு தெரியாது. தொற்று, ஆன்டிபயாட்டிக், அப்பதான் ஏத்தின ஸ்டீராய்டு, மூணுல எது எவ்வளவு பண்ணுச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. தொற்று ஒண்ணே போதும், நெருக்கடிக்கு, அதாவது மூச்சுத் தசை கைவிடற நிலைமைக்கு, பொதுவா அதான் முக்கிய காரணம்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் மூச்சு வாங்குதுன்னு ஒரு கிளினிக்குப் போயிருக்காங்க. விரல்ல மெஷின மாட்டி ஆக்சிஜன் 97 இருக்கு பயப்படாதீங்கன்னு அனுப்பிட்டாங்க. இந்த இடத்த எல்லாரும் நல்லா கவனிக்கணும். நுரையீரல் நோய்ல ஆக்சிஜன் முதல்ல குறையும். மயஸ்தீனியால நுரையீரல் நல்லா இருக்கு, அத அசைக்கற தசைதான் களைச்சுப் போகுது, அதனால ஆக்சிஜன் கடைசி வரைக்கும் நல்லாவே காட்டிட்டு திடீர்னு விழும், அதுக்குள்ள ரத்தத்துல கரியமில வாயு ஏறியிருக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்காரர் எனக்கு போன் பண்ணாரு. "மேடம், படுக்கவே மாட்டேங்கறா, உக்காந்தே இருக்கா, எச்சிய முழுங்க முடியாம துணில துப்பறா, மெஷின்ல நார்மல்னுட்டாங்க." போன அவங்ககிட்ட குடுக்கச் சொல்லி ஒரே மூச்சுல எண்ணுங்கன்னேன். மூக்கு வழியா, ஒவ்வொரு எண்ணா, 11ல நின்னுடுச்சு. முன்னாடி 28 வந்தவங்க. 15க்கு கீழன்னா மூச்சுத் தசை ஆபத்துல இருக்குன்னு அர்த்தம். 108க்கு போன் போடுங்க, படுக்க வெக்காதீங்க, வாய்ல தண்ணியோ மாத்திரையோ குடுக்காதீங்க, நியூரோ டிஸ்சார்ஜ் சீட்ட எடுத்துக்குங்க, மயஸ்தீனியா மூச்சு நெருக்கடின்னு இந்த வார்த்தையவே சொல்லுங்கன்னு சொன்னேன். நானும் கிளம்பிப் போனேன்.

ஐசியூல மூச்ச முழுசா இழுத்து ஊதற அளவ அளந்தா உடல் எடைல கிலோவுக்கு 13 மில்லிலிட்டர்தான், 15லேருந்து 20க்கு கீழ வந்தாலே வென்டிலேட்டருக்குத் தயாராகணும். எச்சில் உள்ள போற ஆபத்தும் இருந்ததால மாஸ்க் வெச்சு காலம் தள்ளாம ட்யூப் போட்டாங்க. பைரிடோஸ்டிக்மின தற்காலிகமா நிறுத்தினாங்க, அது எச்சிலயும் சளியயும் கூட்டும், வென்டிலேட்டர்ல இருக்கறப்போ அது இடைஞ்சல். ஆன்டிபயாட்டிக்க மாத்தினாங்க. குடுத்தது ஐவிஐஜி, அதாவது ரத்த தானம் பண்ணவங்ககிட்டேருந்து எடுத்த ஆன்டிபாடிய ரத்தக்குழாய்ல ஏத்தறது, அவங்க எடை 52 கிலோ, கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் அஞ்சு நாள், மொத்தம் 100 கிராமுக்கு மேல. பிளாஸ்மா மாத்தற சிகிச்சையும் இதுக்கு சமமான வழிதான், அன்னிக்கு அங்க உடனே கிடைச்சது ஐவிஐஜி. அதோட விலை லட்சத்த தாண்டும், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு இருந்ததால குடும்பம் தப்பிச்சுது, இல்லன்னா தர்மபுரில இருக்கற நிலத்த வித்திருப்போம்னு வீட்டுக்காரர் சொன்னாரு.

ஐசியூ பிசியோ டீம் தினமும் பல தடவ சளிய எடுத்து நெஞ்சுக்கு பயிற்சி குடுத்தாங்க. நாலாவது நாள் தலைய தலகாணிலேருந்து தூக்கினாங்க. ஆறாவது நாள் ட்யூப எடுத்தாங்க. கழுத்த மடக்கற பலமும் மூச்சுத் தசையும் கிட்டத்தட்ட ஒண்ணாவே ஏறி எறங்கும், அதனால தலை தூக்கினத பாத்ததும் டீம்ல எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வந்துச்சு.

ஆபரேஷனும் வேலையும்

நாலு மாசம் கழிச்சு, நோய் நல்லா கட்டுப்பட்ட நேரமா பாத்து தைமஸ எடுத்தாங்க. கட்டி இல்லாட்டியும் எடுக்கறது பலன் தருதான்னு பல வருஷமா வாதம் இருந்துச்சு, 2016ல வந்த 126 பேர் ஆய்வுல தைமஸ் எடுத்தவங்களுக்கு மூணு வருஷத்துல பலவீனமும் குறைவு, ஸ்டீராய்டு தேவையும் குறைவுன்னு தெரிஞ்சுது. இவங்க வயசு, ஆன்டிபாடி பாசிட்டிவ், நோய் வந்து கொஞ்ச காலம்தான், எல்லாம் அதுக்குப் பொருந்துச்சு. குடும்பத்துக்கு நெஞ்ச திறக்கறாங்களேன்னு பயம். சின்ன துளை வழியா பண்ணலாம்னு சொன்னதும், பலன் தெரிய மாசங்கள் ஆகும்னு முன்கூட்டியே சொன்னதும்தான் சம்மதத்துக்கு உதவுச்சு. கூடவே நோய் எதிர்ப்ப அடக்கற அசாதயோப்ரின் மாத்திரையும் ஆரம்பிச்சாங்க, அதுவும் வேலை செய்ய மாசக்கணக்காகும், நடுவுல ரத்த அணுவும் கல்லீரலும் விடாம பாக்கணும்.

பணம்தான் அடுத்த கவலை. இஎஸ்ஐல சாதாரண நோய் விடுப்புக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் வரும், அது முடிஞ்சதும் வேலைய விட வேண்டியதுதான்னு குடும்பம் முடிவே பண்ணிட்டாங்க. நீண்டகால நோய்க்கு நீட்டிக்கப்பட்ட சலுகைன்னு ஒண்ணு இருக்கு, 34 நோய் கொண்ட பட்டியல், மயஸ்தீனியா அதுல பேரோடவே இருக்கு. ரெண்டு வருஷ தொடர் வேலையும் நாலு கான்ட்ரிப்யூஷன் பீரியட்ல (ஆறாறு மாச சந்தா காலம்) 156 நாளுக்கு சந்தா கட்டினதும் இருந்தா 80 சதவீதம் வரைக்கும் கிடைக்கும், கூடிப்போனா ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டலாம். பேக்டரி ஹெச்ஆருக்கும் இது தெரியல, லைன்ல இருக்கற யாருக்கும் தெரியல. யூனியன்ல இருந்த ஒரு அக்காதான் பேப்பர எல்லாம் சேத்துக் குடுத்து அலைஞ்சாங்க.

ஏழு மாசம் கழிச்சு வேலைக்குத் திரும்பினாங்க, காலர் லைனுக்கு இல்ல, பேக்கிங்ல டேக் போடற உக்காந்த வேலைக்கு. கொஞ்சம் இன்சென்டிவ் பணம் போச்சு, அது அவங்களுக்கு வருத்தம்தான், கைத்தொழில் போனவங்களுக்கு வர்ற வருத்தம். 2023 ஜூன்லேருந்து கர்நாடகால பொம்பளைங்களுக்கு சாதாரண அரசு பஸ் இலவசம், அது பெரிய உதவி, ஆனா கூட்டம் ஜாஸ்தி, மேல கம்பிய பிடிச்சு அரை மணி நின்னா அன்னைக்கு முழுக்க தோள் போயிடும். அதனால ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு டிப்போலேருந்து கிளம்பற பஸ்ல சீட்டு பிடிச்சு போறாங்க. நான் இப்ப அவங்களுக்கு எக்சர்சைஸ் குடுக்கறேன், மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள, காலைல, வெயிலுக்கு முன்னாடி, களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தற மாதிரி.

இன்னைய நிலை

முதல் அறிகுறி வந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. பிரெட்னிசலோன் 10 மில்லிகிராமுக்கு எறங்கியிருக்கு, பைரிடோஸ்டிக்மின் நாளுக்கு ரெண்டு. அப்புறம் நெருக்கடி வரல. ஒரே மூச்சுல 43 வரைக்கும் எண்ணறாங்க. மாதவிடாய் நாள்லயும் சரியா தூங்காத நாள்லயும் சாயங்காலம் இடது இமை லேசா எறங்குது. ஸ்டீராய்டால எடை 6 கிலோ கூடியிருக்கு, சுகர் எல்லைல இருக்கு, அதுக்குத் தனியா பாத்துட்டு இருக்காங்க. பொண்ணுக்கு சடை மறுபடி அவங்கதான் போடறாங்க, காலைல.

எத மாத்தினோம், இன்னும் எத மாத்தணும்

எங்க கிளினிக்ல பலவீனம், ரெண்டா தெரியறது, கழுத்து நிக்கலன்னு யார் வந்தாலும் ஒரு தடவையாவது வேலை முடிஞ்ச நேரத்துல வரச் சொல்றோம், முடியாதவங்கள சாயங்கால வீடியோ எடுத்துட்டு வரச் சொல்றோம். பலத்த ஒரு தடவ அழுத்திப் பாத்துட்டு நிறுத்தறதில்ல, பத்து தடவ செய்யச் சொல்லி முதல் தடவ எப்படி, பத்தாவது தடவ எப்படின்னு எழுதறோம். வீட்ல கூட இருக்கறவங்கள தனியா கூப்பிட்டு சாப்பாடு, குரல், தூக்கம் மூணையும் கேட்கறோம்.

இவங்க பர்ஸுல இப்ப ஒரு அட்டை இருக்கு, தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணுலயும். மயஸ்தீனியா இருக்கு, நியூரோ டாக்டரக் கேட்காம இதெல்லாம் குடுக்காதீங்கன்னு லெவோபிளாக்சசின் சிப்ரோபிளாக்சசின் வகை, அசித்ரோமைசின் வகை, ஜென்டாமைசின் அமிகாசின் ஊசி, மெக்னீசியம் டிரிப், பீட்டா பிளாக்கர், குளோரோகுவின் வகை எல்லாம் எழுதியிருக்கு. எந்த ஆபரேஷன்னாலும் மயக்க டாக்டருக்கு முதல்லயே சொல்லணும்னும் இருக்கு. வழக்கமா வாங்கற மெடிக்கல் ஷாப்புக்கும் அதோட காப்பி குடுத்திருக்காங்க, கடைக்காரர் அத கல்லாவுக்கு மேல ஒட்டியிருக்காரு. இதுல சில மருந்து கட்டாயம் தேவைப்படற நிலைமை வரலாம், அப்ப கண்காணிப்போட ஆஸ்பத்திரில குடுப்பாங்க, அது வேற.

மூச்சு எண்ணறத மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்லிக் குடுத்திருக்கு. ஒரே வேகத்துல எண்ணணும், அவங்களோட பழைய எண்ணிக்கையோட ஒப்பிடணும், 20க்கு கீழ போனாலோ படுத்தா மூச்சு முட்டினாலோ எச்சில் முழுங்க முடியலன்னாலோ விரல் மெஷின் என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரி. ப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டாச்சு, உயிருள்ள கிருமி வெச்ச தடுப்பூசி இந்த மருந்தெல்லாம் எடுக்கறப்போ கூடாது.

மாறாதது பேக்டரி டிஸ்பென்சரி நேரம். டாக்டர் வர்றது காலைல ரெண்டு மணி நேரம், லைன் ஓடி முடிஞ்சு ஆளுங்க களைச்சு வெளிய வர்ற நேரத்துல கதவு பூட்டியிருக்கும். வாரத்துல ஒரு நாளாவது சாயங்காலம் உக்காரச் சொல்லி யூனியன் அக்காவும் நானும் மனு எழுதிக் குடுத்திருக்கோம், கூட அந்த ரெண்டு போட்டோவயும், முகம் முழுசா தெரியாம கண்ணு மட்டும் தெரியற மாதிரி வெட்டி, அவங்க சம்மதத்தோட இணைச்சிருக்கோம். இன்னும் பதில் வரல, மறுபடி போய்க் கேட்கப் போறோம்.